கடலூரில் நிகழாத யார்க்டவுன்

1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கர் மலையடிவாரத்தில் சர் அயர் கூட் நடத்திவந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஹைதர் அலியின் படையும் மோதின. அதற்குச் சரியாக 22 நாள் முன்பு, அட்லாண்டிக் கடலின் மறுகரையில், செசபீக் விரிகுடாவின் வாயிலில் பிரெஞ்சுக் கடற்படை பிரிட்டிஷ் கடற்படையைத் தடுத்துத் திருப்பியது. சோளிங்கர்ச் சண்டை முடிந்து சரியாக 22 நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று, யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபுவின் பிரிட்டிஷ் படை ஆயுதங்களைக் கீழே வைத்தது. சோளிங்கரில் நரசிம்மரைச் சேவிக்க மலையேறுகிறவர்களுக்கு அமெரிக்கச் சுதந்திரப் போர் நினைவுக்கு வர நியாயமில்லைதான். ஆனால் இந்த மூன்று தேதிகளும் ஒரே போரைச் சேர்ந்தவை. அதன் மேற்கு முனை வர்ஜீனியாவிலும் கிழக்கு முனை நம் வட ஆற்காட்டிலும் இருந்தன.

எப்படி என்றால், 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கக் குடியேற்றங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டதும், இந்தியாவிலிருந்த பிரெஞ்சு ஊர்களைப் பிடிப்பதில் கம்பெனி காலம் கடத்தவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் புதுச்சேரி விழுந்தது. 1779 மார்ச்சில் மலபார்க் கரையிலிருந்த மாஹேயும் விழுந்தது. ஐரோப்பியத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் மைசூருக்குள் வந்துகொண்டிருந்த வாசல் மாஹே; அதில் கைவைக்கக் கூடாது என்று ஹைதர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். மராத்தியர் படையெடுத்தால் துணைக்கு வருவதாக 1769இல் ஒப்பந்தம் போட்ட கம்பெனி, அவர்கள் வந்தபோது கைகட்டி நின்ற பழைய மனக்கசப்பும் அவருக்கு இருந்தது. 1780 ஜூலையில், ஏறத்தாழ 80,000 பேர் என்று மதிப்பிடப்படும் படையோடு செங்கம் கணவாய் வழியே அவர் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். நவம்பரில் ஆற்காடு ஹைதரின் கைக்கு வந்தது. மாசச்சூசெட்ஸில் முதல் துப்பாக்கி வெடித்து, அந்தச் சண்டை பாலாற்றங்கரை வந்து சேர ஐந்தரை ஆண்டு ஆயிற்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைதர் நடத்தியது அமெரிக்கர் நடத்தியதைப் போன்ற விடுதலைப் போர் அல்ல. அவர் ஓர் அரசர். தம் அரசைக் காக்கவும் விரிக்கவும் போரிட்டார். அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் உழவர்களுக்கு அவர் படை வந்ததும் கம்பெனிப் படை வந்ததும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். இருந்தாலும், பெரிய வல்லரசு ஒன்றை எதிர்க்கும் சிறிய சக்திக்கு வெளிநாட்டு உதவியும் வழக்கத்துக்கு மாறான போர்முறையும் எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்ற கேள்விக்கு, யார்க்டவுனையும் வட ஆற்காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எதிரி ஒருவரே, துணைவர் ஒருவரே, காலமும் ஒன்றே. முடிவு மட்டும் வேறு.

பாடப்புத்தகங்கள் இந்த இரண்டையும் தனித்தனிக் காரணங்களாக எழுதுவது வழக்கம்: பிரான்ஸ் உதவியது ஒரு காரணம், கரந்தடிப் போர் மற்றொரு காரணம் என்று. நடைமுறையில் இவை ஒரே பொறியின் இரண்டு தாடைகள். மறைந்து தாக்குகிறவன் எதிரியின் படையை நேரில் அழிப்பதில்லை. அதைப் பட்டினி போடுகிறான், அலைக்கழிக்கிறான், கடைசியில் ஏதாவது ஒரு துறைமுகத்தில் போய் ஒதுங்கும்படி செய்கிறான். ஒதுங்கிய படைக்குக் கடல் வழியே அரிசியும் ஆளும் வந்துகொண்டே இருந்தால், பட்ட பாடெல்லாம் வீண். அந்தக் கடல் வாசலை அடைப்பதற்கு உள்ளூர்க்காரனிடம் கப்பல் கிடையாது. அங்கேதான் வெளிநாட்டான் தேவைப்படுகிறான், அதுவும் சில வாரங்களுக்கு மட்டும்.

அமெரிக்காவில் இந்த இரண்டும் கூடிவர ஆறு ஆண்டு பிடித்தது. போர் தொடங்கியபோது குடியேற்றங்களில் துப்பாக்கி இருந்த அளவுக்கு வெடிமருந்து இல்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்கள் சுட்ட வெடிமருந்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. பிரான்ஸ் அப்போது வெளிப்படையாக நடுநிலை நாடு. எனவே நாடக ஆசிரியர் போமார்ஷே பெயருக்கு ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு அரசும் ஸ்பானிய அரசும் ஆளுக்குப் பத்து லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) ரகசியமாகப் போட்டன. கரீபியன் தீவுகள் வழியாகத் துப்பாக்கியும் மருந்தும் சென்றன. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு முழு பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது அமெரிக்கர் கையில் இருந்தவற்றில் இந்தச் சரக்கும் உண்டு. அந்த வெற்றிக்குப் பிறகே பிரான்ஸ் வெளிப்படையாகக் கைகோத்தது. தோற்கிற குதிரையின் மேல் எந்த அரசும் பணம் கட்டாது.

தெற்கே கரோலினாக்களில் வேறு மாதிரிப் போர் நடந்தது. பிரான்சிஸ் மேரியனின் ஆட்கள் சதுப்புக் காட்டில் ஒளிந்துகொண்டு உணவு வண்டிகளை மறித்தார்கள். நத்தானியல் கிரீன் சண்டைக்கு நிற்பதுபோல நின்று, பின்வாங்கி, மறுபடி நின்றார். அவரைத் துரத்துவதற்காகக் கார்ன்வாலிஸ் 1781 ஜனவரியில் தம் படையின் மூட்டைமுடிச்சுகளைத் தாமே கொளுத்தினார். மார்ச் 15 அன்று கில்ஃபோர்டில் வெற்றியும் பெற்றார். ஆனால் அந்த வெற்றியில் தம் ஆட்களில் நான்கில் ஒரு பங்கு பேரைச் சாகவும் காயப்படவும் கொடுத்தார். களைத்த படையோடு கடற்கரைக்குப் போய், பிறகு வர்ஜீனியாவுக்கு நகர்ந்து, யார்க்டவுனில் கப்பலுக்காகக் காத்திருந்தார். வந்தது பிரெஞ்சுக் கப்பல். கரீபியனிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட வீரர்களோடு வந்த தளபதி டி கிராஸ், அக்டோபர் நடுவில் தாம் திரும்பியாக வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டதில் சில வாரம் கூடுதலாக நின்றார். அந்தச் சில வாரம்தான் போரை முடித்தது. யார்க்டவுன் முற்றுகையில் நின்ற பிரெஞ்சு வீரர்களின் எண்ணிக்கை அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ நிகர். கடலில் நின்ற போர்க்கப்பல்கள் அத்தனையும் பிரெஞ்சுக்காரருடையவை.

இப்போது அதே ஆண்டின் பிப்ரவரி மாதத்துக்கும் கடலூருக்கும் வருவோம். 1781 ஜனவரியில் சென்னையிலிருந்து புறப்பட்ட கூட், வந்தவாசி முற்றுகையை விலக்கிவிட்டுத் தெற்கே நகர்ந்து புதுச்சேரியை நெருங்கியபோது, கடலில் பிரெஞ்சுக் கொடியோடு ஒரு கப்பல் அணி நின்றுகொண்டிருந்தது. அதன் தளபதி டோர்வ். கூட் கடலூருக்கு ஒதுங்கினார். நிலப்பக்கம் ஹைதர் வந்து வழியை அடைத்தார். கம்பெனிப் படையிடம் சில நாளுக்கான அரிசிதான் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வாங்கவோ பறிக்கவோ ஹைதரின் குதிரைப்படை எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. சென்னையிலிருந்து கடல் வழியாகத்தான் அரிசி வர வேண்டும், கடலில் பிரெஞ்சுக்காரர். யார்க்டவுனில் எட்டு மாதம் கழித்து நடக்கவிருந்தது, வரி பிசகாமல் கடலூரில் தயாராகி நின்றது.

இங்கேயே நின்று கடலை மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதே ஹைதர் டோர்விடம் கேட்டதன் சாரம். டோர்வ் பிப்ரவரி 15 அன்று பாய் விரித்து, பிரெஞ்சுத் தளமான மொரீஷியஸுக்குத் திரும்பிவிட்டார். தம் கப்பல்களைப் பற்றிய கவலை அவருக்குப் பெரிதாக இருந்தது. பாரிஸிலிருந்து பார்த்தால் சோழமண்டலக் கரை போரின் ஓர் ஓரம்தான். கப்பல் போனதும் கடல் திறந்தது, அரிசி வந்தது, கூட் ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடிக்க உயிரோடு இருந்தார். ஆங்கிலேயரை நிலத்தில் வெல்லலாம், கடலை வற்றவைக்க முடியாது என்று ஹைதர் சொன்னதாக ஒரு வாக்கு வழங்கிவருகிறது. அவர் அதைச் சொன்னாரோ இல்லையோ, அந்தப் பிப்ரவரியில் அதை நினைத்திருப்பார்.

டி கிராஸுக்கும் டோர்வுக்கும் இடையே வீரத்திலோ திறமையிலோ உள்ள வேறுபாடு என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. வாஷிங்டனின் பக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ மாதக்கணக்காக ஒரே பாசறையில் இருந்தார். கப்பல் எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கடிதம் போட்டுப் பேசி முடிவுசெய்ய அவர்களுக்கு வழி இருந்தது. ஹைதருக்கும் மொரீஷியஸுக்கும் நடுவே ஒரு பெருங்கடலும் பருவக்காற்றும் இருந்தன. ஒருவர் காத்திருப்பது மற்றவருக்குத் தெரியாமலே மாதங்கள் ஓடின.

ஹைதரின் போர்முறையின் மறுபக்கத்தை வட ஆற்காட்டில் இருந்துகொண்டு எழுதுகிற ஒருவர் தாண்டிப் போக முடியாது. பெரும் படையை நேருக்கு நேர் நிறுத்தாமல், கொள்ளைக் குதிரைப்படையை விரித்துவிட்டு, சென்னையைச் சுற்றிலும் வேலூரைச் சுற்றிலும் ஊர்களைக் கொளுத்தி, கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போவதுதான் அந்த முறை. அது கூட்டின் படையை உண்மையிலேயே முடக்கியது. அந்தக் காலத்துப் படைக்குப் பொதி மாடுதான் லாரி. மாட்டின் முதுகில் அரிசி மூட்டை போகும். மாட்டுக்கு வழியில் புல்லோ வைக்கோலோ கிடைக்க வேண்டும். வைக்கோல் போரெல்லாம் சாம்பலான ஊர்களின் வழியே மாடு நாலு நாள் நடக்கும், ஐந்தாம் நாள் படுத்துவிடும். படுத்த மாட்டின் மூட்டையைச் சுமக்க அடுத்த மாடு கிடையாது. சண்டைக்களத்தில் தோற்காத கூட், வென்ற மறுநாளே எதிரியைத் துரத்த முடியாமல் அரிசிக்காகத் திரும்பி நடந்ததன் காரணம் இதுதான். பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் அவர் வென்றார். இரண்டு வெற்றியாலும் ஹைதரை ஆற்காட்டை விட்டு விரட்ட முடியவில்லை.

ஆனால் எரிந்த வைக்கோல் போர் கூட்டுடையது அல்ல, நம்முடையது. பாலாற்றின் இரு கரையிலும் மழை நீரைத் தேக்கும் ஏரியை நம்பித்தான் நெல் விளைந்தது. ஏரியைப் பார்க்க ஆள் இல்லாமல் போனால் ஊரே போய்விடும். ஆயிரக்கணக்கானோர் மைசூருக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் 1782இல் தொடங்கிய கஞ்சித்தொட்டிதான் பின்னாளில் மணியக்காரர் சத்திரமாகி, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் முன்னோடியாயிற்று. வடசென்னைக்காரர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லிவந்ததில் நம் ஊர்ப் பசியும் கலந்திருக்கிறது. கரந்தடிப் போரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த வரவுசெலவில் செலவுப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

வேலூர்க் கோட்டை இந்த ஆண்டுகளில் கம்பெனியின் கையில் இருந்தது. கர்னல் லேங் அதைக் காத்துநின்றார். கோட்டைக்குக் கிழக்கே உள்ள மலைகளின் மேலிருந்த சிறு கோட்டைகளில் ஒன்றைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து பீரங்கியால் கீழே உள்ள கோட்டையை நொறுக்கலாம் என்பது ஹைதரின் கணக்கு. மலைக்கோட்டை பிடிபடவில்லை. பிறகு பட்டினி போடும் வேலை தொடங்கியது. 1781 நவம்பரிலும் 1782 ஜனவரியிலும் கூட் அரிசி கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாம் முறை வரும் வழியில் அவரை நோய் தாக்கி உயிர் பிழைப்பதே சந்தேகம் என்றாகி, எழுந்ததும் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹைதரின் முற்றுகை தோற்றது அகழியாலோ கருங்கல் மதிலாலோ என்று சொல்வதைவிட, சென்னைக்குக் கப்பலில் அரிசி வந்துகொண்டே இருந்ததால் என்று சொல்வது பொருந்தும். வங்காளத்து நெல் கடல் வழி வந்து, மாட்டின் முதுகேறி, வேலூர்க் கோட்டைப் பாலத்தைத் தாண்டியது.

பிரெஞ்சு உதவி பிறகு வந்தது, தாமதமாக. 1782 மார்ச்சில் ஏறத்தாழ 3,000 வீரர்கள் பரங்கிப்பேட்டையில் இறங்கினார்கள். ஏப்ரலில் கடலூரைப் பிடித்தார்கள். அவர்களின் தலைவர் டூஷ்மேன், முதுபெரும் தளபதி புஸி வந்து சேரும்வரை பெரிய சண்டையில் இறங்க மாட்டேன் என்று மறுத்ததில் ஹைதருக்கு இருந்த பொறுமையும் போயிற்று. கடலில் மட்டும் நிலைமை வேறு. சுஃப்ரன் என்ற அபாரமான கடற்படைத் தளபதி, சரியான துறைமுகமோ உதிரிப் பாய்மரமோ இல்லாமல், சதுரங்கப்பட்டினம் முதல் திருகோணமலை வரை ஒன்றரை ஆண்டில் ஐந்து கடற்சண்டைகள் நடத்தினார். ஹைதர் அதன் முடிவைப் பார்க்கவில்லை. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூரை அடுத்த பாசறையில் ராஜபிளவை கண்டு இறந்தார். மகன் திப்பு மலபாரிலிருந்து வந்து சேரும்வரை அந்தச் செய்தியை மறைத்து வைத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பென்சில்வேனியா மாநிலத்தின் சிறு போர்க்கப்பல் ஒன்று டெலாவேர் விரிகுடாவில் தன்னைவிட வலிய பிரிட்டிஷ் கப்பலைச் சிறைபிடித்திருந்தது. அமெரிக்கர் அதற்கு வைத்திருந்த பெயர் ஹைதர் அலி. தாம் பெயராகி அங்கே மிதப்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது வாய்ப்பு 1783 ஜூனில் வந்தது, மறுபடியும் கடலூரில். உள்ளே புஸி, வெளியே முற்றுகையிட்டு நோயிலும் பற்றாக்குறையிலும் மெலிந்துகொண்டிருந்த கம்பெனிப் படை. ஜூன் 20 அன்று சுஃப்ரன் பிரிட்டிஷ் கப்பல்களைச் சென்னைக்கு விரட்டினார். முற்றுகையிட்டவர்களே முற்றுகையில் சிக்கும் நிலை. அந்த மாதக் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஒரு பிரிட்டிஷ் கப்பல் வந்தது: ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே முன்னோட்ட சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி. ஐந்து மாதம் பழைய செய்தி. புஸி போரை நிறுத்தினார். மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்புவின் பாசறையிலிருந்த பிரெஞ்சு அணியும் விலகிக்கொண்டது. திப்பு தனியே நின்று 1784 ஜனவரியில் மங்களூரைப் பணியவைத்து, மார்ச் 11 அன்று சமத்துவமான ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். துணைவர் விலகிய பிறகும் நிற்கத் தெரிந்ததால் கிடைத்தது அது.

இதில் அமெரிக்கர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். பிரான்ஸைக் கேட்காமல் தனியே சமாதானம் பேசுவதில்லை என்று 1778இல் ஒப்புக்கொண்ட அவர்கள், 1782 நவம்பர் 30 அன்று பிரான்ஸுக்குச் சொல்லாமலே பிரிட்டனோடு முன்னோட்ட உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். உதவி பெற்றவர் உதவியவரை முந்திக்கொண்டார். இங்கேயோ உதவியவர் முந்திக்கொண்டார். பெஞ்சமின் பிராங்க்ளினுக்குப் பாரிஸிலேயே வீடு இருந்தது. திப்புவின் தூதர்கள் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது 1788இல், எல்லாம் முடிந்து, போர்ச் செலவில் பிரெஞ்சுக் கஜானா காலியாகிப் புரட்சிக்கு ஓராண்டு இருந்தபோது.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். 1791 பிப்ரவரியில் அவர் படையோடு வேலூருக்கு வந்து, ஆம்பூர்ப் பக்கம் போவதுபோலக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பி முகிலி கணவாய் வழியே மைசூருக்குள் நுழைந்து, மார்ச்சில் பெங்களூரைப் பிடித்தார். கரோலினாவில் கற்ற பாடம் அவருக்கு முழுதாகப் பயன்பட்டது என்று சொல்ல முடியாது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் வாசல்வரை போய், திப்பு எரித்த நிலத்தில் மாடுகள் செத்து விழ, தம் பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். ஆனால் இந்தமுறை வெளி உதவி அவர் பக்கம் இருந்தது. மராத்தியரும் நிஜாமும் வந்தார்கள். தானியம் சுமக்கும் லம்பாடிகளின் மாட்டு மந்தைகள் அவருக்காக நடந்தன. 1792இல் திப்பு பாதி நாட்டை விட்டுக்கொடுத்து, இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுத்தார். வெளிநாட்டு உதவி என்றதும் விடுதலை கேட்கிறவனுக்குக் கிடைக்கும் உதவியையே நினைக்கிறோம். பேரரசு தன் அண்டை வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவதும் அதே சரக்குதான்.

உதவி கேட்டதே குற்றமாகிக் கழுத்தைச் சுற்றிய கதையும் திப்புவுடையதே. 1798 ஜனவரியில் மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநர் மலார்திக், ஆங்கிலேயருக்கு எதிராகத் திப்பு துணை கேட்கிறார், தொண்டர்கள் வாருங்கள் என்று ஊரறிய அறிக்கை ஒட்டினார். ரகசியமாகச் செய்திருக்க வேண்டிய காரியம். மங்களூரில் வந்து இறங்கியவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அந்த அறிக்கையின் படி ஒன்று கல்கத்தா போய்ச் சேர்ந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு தேடிக்கொண்டிருந்த சாக்கு அதுதான். நெப்போலியன் எகிப்துவரை வந்தார், 1798 ஆகஸ்ட்டில் நைல் நதி முகத்துவாரத்தில் அவருடைய கப்பல்களை பிரிட்டிஷார் அழித்தார்கள், மறுபடியும் கடல். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு இறந்தார். மதிலேறிய படையை நடத்தியவர் டேவிட் பேர்ட். 19 ஆண்டு முன்பு பொள்ளிலூரில் ஹைதரிடம் சிறைப்பட்டவர்களில் ஒருவர்.

பிற்காலப் போர்களில் பெயர்கள் மாறின, கணக்கு அதிகம் மாறவில்லை. கியூபாவின் போராளிகள் மூன்று ஆண்டு கரும்புக் காட்டைக் கொளுத்தி ஸ்பெயினைக் களைக்க வைத்த பிறகு 1898இல் அமெரிக்கா உதவிக்கு வந்தது. சாண்டியாகோ சரணடைந்தபோது கியூபப் படையை ஊருக்குள்ளேயே விடவில்லை. பிறகு 1901இல் தலையிடும் உரிமையைக் கியூபாவின் அரசியல் சட்டத்திலேயே எழுதவைத்து, குவாண்டனாமோவையும் எடுத்துக்கொண்டது. பிலிப்பைன்ஸை ஸ்பெயினிடமிருந்து இரண்டு கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய பின் அங்கே சுதந்திரம் கேட்டவர்களோடு போரிட்டது.

வியட்நாமில் பொறியின் இரண்டு தாடைகளும் 1954இல் பொருந்தின. தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் இறங்கிய பிரெஞ்சுப் படைக்குக் கடல் கிடையாது. வானம்தான் அதன் கடல். சுற்றியுள்ள மலைகளின் மேல் கனரகப் பீரங்கிகளை ஏற்ற முடியாது என்பது அவர்கள் கணிப்பு. ஜெனரல் கியாப்பின் ஆட்கள் சீனா கொடுத்த பீரங்கிகளைக் கயிறு கட்டி அங்குலம் அங்குலமாக இழுத்து ஏற்றி, மலையைக் குடைந்து ஒளித்து வைத்தார்கள். அரிசி சைக்கிளில் வந்தது. கைப்பிடியில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டி, இருக்கைக்குப் பின்னால் இன்னொரு கழியைச் செருகி, நடந்தபடியே தள்ளிக்கொண்டு போனால் ஒரு சைக்கிள் 200 கிலோவுக்கும் மேல் சுமக்கும். கூட்டின் பொதி மாடு சுமந்ததைவிட அதிகம், அதுவும் வைக்கோல் இல்லாமல். மார்ச் 13 அன்று குண்டு விழத் தொடங்கியது. மாதக் கடைசிக்குள் விமான ஓடுதளம் பயனற்றுப் போனது. மே 7 அன்று பிரெஞ்சுப் படை பணிந்தது. ஆனால் ஜூலையில் ஜெனீவாவில் நாட்டை 17ஆம் இணைகோட்டில் இரண்டாகப் பிரிப்பதை ஏற்கும்படி ஹோ சி மின் தரப்பை நெருக்கியவர்களில் பீரங்கி கொடுத்த சீனர்களே முன்னால் நின்றார்கள். அமெரிக்கா நேரடியாக இறங்கிவிடக் கூடாது என்பது அவர்களின் சொந்தக் கவலை.

அல்ஜீரியா இதற்கு நேர்மாறு. 1957இல் பிரான்ஸ் துனீசிய எல்லையில் மின்வேலியும் கண்ணிவெடியும் போட்டு வாசலை அடைத்தது. உள்ளே போராடியவர்களுக்கு வந்த ஆயுதம் பெரும்பாலும் நின்றது. களத்தில் பிரான்ஸே மேலோங்கியிருந்தது. அங்கே உதவி ஆயுதமாக இல்லாமல் ஐ.நா. விவாதமாகவும், கெய்ரோ வானொலியாகவும், பிரான்ஸுக்குள்ளேயே எழுந்த களைப்பாகவும் வந்தது. 1962இல் விடுதலை கிடைத்தது.

நம்மவர்களின் அனுபவத்தில் இந்திய தேசிய ராணுவமும் உண்டு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழர்களில், இந்தியாவைக் கண்ணாலேயே பார்த்திராதவர்கள் பலர். ஜப்பான் கொடுத்த இடம், ஜப்பான் கொடுத்த ஆயுதம், ஜப்பானின் போர்த்திட்டம். 1944இல் இம்பாலில் அவர்களை வீழ்த்தியதில் பிரிட்டிஷ் குண்டுக்கு இணையான பங்கு மழைக்கும் அரிசி வந்து சேராததற்கும் உண்டு. வானிலிருந்து உணவு இறங்கியது எதிரிக்குத்தான். அவர்களின் போர் வேலை செய்தது தோற்ற பிறகு. 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியதும், 1946 பிப்ரவரியில் கடற்படையினர் எழுந்ததும், இனி இந்தியச் சிப்பாயை நம்பி இந்தியாவை ஆள முடியாது என்ற கணக்கை லண்டனுக்குக் காட்டின.

சிப்பாயை நம்ப முடியாது என்ற பயம் முதலில் பிறந்த இடம் வேலூர். மக்கான் சிக்னலில் இருக்கும் நினைவுத் தூணுக்கு ஆண்டுதோறும் ஜூலை 10 அன்று மாலை போடுகிறார்கள்; மற்ற நாட்களில் அதைச் சுற்றி ஆட்டோ நிற்கும். 1806இல் அந்த நாள் விடியுமுன், கோட்டைக்குள் இருந்த மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள், புதிய தலைப்பாகையும் தாடி, நெற்றிக்குறி பற்றிய புதிய கட்டளைகளும் மூட்டிய கோபத்தோடு எழுந்து, கர்னல் பேன்கோர்ட்டையும் நூற்றுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்களையும் கொன்று, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். திப்புவின் மகன்கள் அந்தக் கோட்டை அரண்மனையில்தான் காவலில் இருந்தார்கள். உள்ளே இருந்து, இரவில், தூங்குகிறவனைத் தாக்குவதைவிட வழக்கத்துக்கு மாறான போர்முறை வேறு என்ன இருக்கிறது?

ஆனால் அவர்களுக்கு வெளியே யாரும் இல்லை. 1783இல் விலகிய பிரெஞ்சுப் படை துணைக்குத் திரும்பவில்லை; தெற்கே பாளையக்காரர் போர் 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதோடு ஓய்ந்திருந்தது; மைசூரில் கம்பெனி வைத்த அரசர் இருந்தார். கம்பெனிக்கோ உதவி ஆற்காட்டில் இருந்தது, 25 கிலோமீட்டரில். இன்று வேலூர்ப் பழைய பேருந்து நிலையத்தில் ஏறினால் முக்கால் மணிநேரம். குதிரைக்கு ஒன்றரை இரண்டு மணிநேரம். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி அனுப்பிய செய்தி ஆற்காட்டுப் பாசறைக்குப் போனது. கர்னல் கில்லெஸ்பி 19ஆம் டிராகூன் குதிரைப்படையில் ஒரு பிரிவையும் உள்ளூர்க் குதிரைவீரர்களையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். கோட்டைக்குள் போக ஒரே பாலம். அதைக் காக்க வேண்டிய நேரத்தில் சிப்பாய்களில் பலர் அதிகாரிகளின் வீடுகளைக் கொள்ளையிட்டுக்கொண்டிருந்தார்கள். மதில்மேல் தப்பி நின்ற பிரிட்டிஷ் வீரர்கள் கயிறு இறக்கிக் கில்லெஸ்பியை மேலே தூக்கிக்கொண்டார்கள். பின்னால் வந்த சிறு பீரங்கிகள் வாயிற்கதவைப் பிளந்தன. முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கோட்டைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள்.

கவர்னர் பெண்டிங்கும் படைத்தளபதி கிராடக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகைக் கட்டளை திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் குடும்பத்துப் பெண்களில் சிலருடைய கல்லறைகள் கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் இருக்கின்றன. மகன்களை அந்த ஆண்டே வேலூரிலிருந்து வெளியேற்றி, சென்னைக்குக் கொண்டுபோய், கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வழியில் அந்தக் கப்பலை மறிக்க யாருடைய கப்பலும் வரவில்லை.